நகரத்துக்குக் கைகள் வேண்டும், ஆட்கள் வேண்டாம்: தென்னாப்பிரிக்காவின் 5எம்2ஏ ரயில்கள்

நிறவெறி ஆட்சி என்றதும் நமக்குச் சில படங்கள் நினைவுக்கு வரும். ராபன் தீவுச் சிறை, ஷார்ப்வில்லில் விழுந்து கிடந்த உடல்கள், 'வெள்ளையருக்கு மட்டும்' என்று எழுதிய பலகை. படிப்பு வட்டங்களில் சட்டங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லப் பழகியிருக்கிறோம். ஆனால் அந்த ஆட்சியை ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் நடைமுறைப்படுத்திய ஒரு பொருள் நம் பேச்சில் வருவதே இல்லை. அது ஒரு மின்சார ரயில். அதன் பெயர் 5எம்2ஏ.

பெயர் கொஞ்சம் வறட்சியானதுதான். ரயில்வே அலுவலகக் கோப்பில் பெட்டி வகையைக் குறிக்க வைத்த குறியீடு, அதுவே பெயராகிவிட்டது. ரயில் ஆர்வலர்கள் இந்த வண்டியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எந்த மோட்டார், எந்த வண்ணம், எந்த ஆண்டில் எத்தனை பெட்டி என்று விவரமாகக் கிடைக்கும். அதில் ஏறியவர்கள் யார், ஏன் அவ்வளவு தூரத்திலிருந்து ஏறினார்கள் என்பது மட்டும் ஓரிரு வரியில் முடிந்துவிடும். நாம் அந்த வரியிலிருந்து தொடங்குவோம்.

1922இல் டிரான்ஸ்வால் மாகாணத்தில் ஸ்டாலர்ட் ஆணையம் ஓர் அறிக்கை கொடுத்தது. நகரம் வெள்ளையரின் படைப்பு. வெள்ளையருக்கு ஊழியம் செய்யும் அளவுக்கு மட்டுமே கறுப்பர் நகரத்தில் இருக்கலாம். அந்த ஊழியம் முடிந்தால் வெளியேற வேண்டும். இதுதான் அதன் சாரம். அடுத்த ஆண்டே நகர்ப்புறச் சட்டம் வந்தது. கறுப்பருக்குத் தனிக் குடியிருப்பு என்பது சட்டமானது. ஊரும் சேரியும் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் புதிதாக விளங்கிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆனால் இங்கே வெள்ளை அரசுக்கு ஒரு சிக்கல் வந்தது. தங்கச் சுரங்கம், தொழிற்சாலை, துறைமுகம், வெள்ளையர் வீட்டுச் சமையலறை என எல்லாவற்றுக்கும் கறுப்பரின் உழைப்பு வேண்டும். ஆட்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது, வேலை நேரத்தில் மட்டும் வந்து நிற்க வேண்டும். நடந்து வரும் தூரத்தில் குடியிருப்பு இருந்தால் அது நகரத்துக்கு மிக அருகில் ஆகிவிடும். தூரமாகத் தள்ளினால் ஆள் வேலைக்கு வந்துசேர முடியாது. 1950இல் குழுப் பகுதிச் சட்டம் வந்து, எந்த இனம் எங்கே வாழலாம் என்று நாட்டையே கட்டம் போட்டுப் பிரித்தபோது இந்தச் சிக்கல் பல மடங்கானது. மக்களை 20, 30 கிலோமீட்டர் தள்ளி எறிந்துவிட்டு, அதே மக்களைக் காலை ஏழு மணிக்கு ஆலை வாசலில் நிறுத்த வேண்டும். அதற்கு ரயில் தேவைப்பட்டது.

மின்சார ரயில் அங்கே புதிதல்ல. கேப் டவுனின் புறநகர்ப் பாதை 1928இலேயே மின்மயமானது. ஜோஹானஸ்பர்க் பகுதியில் 1930களின் பிற்பாதியில் மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. 5எம்2ஏ வருவதற்கு முன்பே இந்தப் பெட்டிகளில் ஒரு பெரிய சட்டப் போர் நடந்து முடிந்துவிட்டது. இளம் தோழர்கள், குறிப்பாகச் சட்டம் படிப்பவர்கள், கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

கேப் டவுன் புறநகர் ரயில்களில் 1948 வரை இனப் பிரிவினை முறையாக நடைமுறையில் இருக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதம் தேசியக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. ஆகஸ்ட் மாதமே முதல் வகுப்புப் பெட்டிகளில் வெள்ளையருக்குத் தனியிடம் ஒதுக்கினார்கள். நிறவெறி ஆட்சி முதலில் கை வைத்த இடங்களில் ஒன்று ரயில் பெட்டி என்பதைக் கவனியுங்கள். எதிர்ப்பும் உடனே கிளம்பியது. ரயில் பிரிவினை எதிர்ப்புக் குழு ஒன்று அமைந்தது. வெள்ளையர் பெட்டியில் மற்றவர்கள் ஏறி அமர்ந்தார்கள். இடதுசாரிக் குழுக்களுக்குள் இருந்த பூசலால் அந்தப் போராட்டம் பெரிதாக வளரவில்லை, ஆனால் வழக்கு நீதிமன்றம் போனது. வெள்ளையர் எந்தப் பெட்டியிலும் ஏறலாம், மற்றவர்கள் மட்டும் சில பெட்டிகளில் ஏறக் கூடாது என்பது சமமற்ற நடத்தை. அப்படிச் செய்ய ரயில்வேக்கு அதிகாரம் தரப்படவில்லை என்று 1950இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அப்துரஹ்மான் வழக்கில் சொன்னது.

அடுத்தது லூசு வழக்கு. 1952இல் அநீதிச் சட்டங்களை மீறும் இயக்கம் நாடு முழுக்க நடந்தபோது ஜார்ஜ் லூசு என்ற கறுப்பர் கேப் டவுன் நிலையத்தில் வெள்ளையர் காத்திருப்பு அறைக்குள் போய் உட்கார்ந்தார். கைது, வழக்கு. கறுப்பருக்கு ஒதுக்கிய அறை வெள்ளையர் அறைக்குச் சமமாக இல்லை, ஆகவே இந்த ஒதுக்கீடே செல்லாது என்று விசாரணை நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1953இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த விடுதலையை ஏற்றது.

வெற்றி என்று கொண்டாடலாம்தானே? அரசு என்ன செய்தது தெரியுமா? அதே ஆண்டு தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிரித்து வைக்கும் வசதிகள் சமமாக இருக்கத் தேவையில்லை, ஒரு தரப்புக்கு வசதியே இல்லாவிட்டாலும் ஒதுக்கீடு செல்லும் என்று எழுதிவிட்டார்கள். அமெரிக்காவில் 'பிரிவு, ஆனால் சமம்' என்று ஒரு பொய்யையாவது சொன்னார்கள். இங்கே அந்தப் பொய்யையும் கைவிட்டார்கள். பூங்கா, கடற்கரை, கழிப்பறை, அஞ்சலகம் என எங்கும் தொங்கிய பலகைகளுக்கு அடிப்படையான இந்தச் சட்டம், ஒரு ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் அரசு தோற்றதால் பிறந்தது.

இந்தப் பின்னணியில்தான் 1950களின் இறுதியில் புதிய வண்டிகள் வருகின்றன. முதல் தொகுதி பர்மிங்காமின் மெட்ரோபாலிட்டன்-கேம்மெல் நிறுவனத்தில் செய்யப்பட்டது, 5எம்2 என்று பெயர். அதன் பிறகு ஜோஹானஸ்பர்க்குக்குக் கிழக்கே நைஜல் என்ற ஊரில் யூனியன் கேரியேஜ் அண்ட் வேகன் தொழிற்சாலை அதே வடிவத்தை 5எம்2ஏ என்ற பெயரில் செய்யத் தொடங்கியது. 1980களின் நடுப்பகுதி வரை, கிட்டத்தட்ட 25 ஆண்டுகள், ஆயிரக்கணக்கான பெட்டிகள் அங்கிருந்து வெளியே வந்தன. வடிவத்தில் பெரிய மாற்றமே இல்லை. அந்த 25 ஆண்டுகளையும் கட்டாய வெளியேற்றங்களின் ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகவே ஓடுகின்றன.

வண்டியின் அமைப்பும் அந்த வேலைக்கு ஏற்றதாக இருந்தது. மேல்கம்பியிலிருந்து 3,000 வோல்ட் நேர்மின்சாரம். தனி எஞ்சின் கிடையாது; மோட்டார் பொருத்திய பெட்டிகளே மற்ற பெட்டிகளை இழுக்கும். ஓட்டுநர் அறை இரு முனையிலும் இருப்பதால் கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி மாட்டும் வேலை இல்லை, வந்த வழியே உடனே திரும்பலாம். நிலையத்துக்கு நிலையம் தூரம் குறைவான பாதையில் சட்டென்று வேகமெடுத்துச் சட்டென்று நிற்கும். பத்துப் பன்னிரண்டு பெட்டிகளைக் கோத்தால் இரண்டாயிரம் பேருக்கு மேல் அடைக்கலாம். மூன்றாம் வகுப்பில் சுவரோரமாக நீள பெஞ்சு, நடுவில் நிற்க இடம். முதல் வகுப்பில் மெத்தை இருக்கை. ஒரே தொழிற்சாலையில் ஒரே கைகள் செய்த பெட்டிகள்தான். உள்ளே என்ன பொருத்துவது என்பது யார் ஏறப்போகிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அந்தக் கைகளைப் பற்றியும் ஒரு சொல். 1924இல் வந்த ஹெர்ட்சாக் அரசு 'நாகரிக உழைப்பு' என்றொரு கொள்கையைக் கொண்டுவந்தது. ரயில்வேயில் இருந்த கறுப்புத் தொழிலாளர்களை வெளியேற்றிவிட்டு ஏழை வெள்ளையருக்கு அந்த வேலைகளைக் கூடுதல் ஊதியத்தில் கொடுத்தார்கள். வெள்ளையருக்கு ரயில்வே ஒரு பெரிய நலத்திட்டமாகவே இருந்தது. கறுப்பருக்குத் தண்டவாளம் போடுவது, மூட்டை தூக்குவது, கழுவுவது. ஓட்டுநர் இருக்கை வெள்ளையருக்கு. சோவெட்டோவிலிருந்து கறுப்பர்களை மட்டுமே ஏற்றிக்கொண்டு வரும் வண்டியிலும் முன்னால் உட்கார்ந்திருந்தவர் வெள்ளையர்.

இப்போது வரைபடத்தைப் பார்ப்போம். ஜோஹானஸ்பர்க்கின் சோஃபியாடவுனில் கறுப்பர்கள் சொந்த நிலத்தில் வாழ்ந்துவந்தார்கள். 1955 பிப்ரவரி 9 அன்று ஆயுதம் தாங்கிய போலீஸ் சூழ, அவர்களை லாரிகளில் ஏற்றி மெடோலேண்ட்ஸுக்குக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். 1963இல் அந்தத் தென்மேற்குக் குடியிருப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து சோவெட்டோ என்று பெயர் வைத்தார்கள். நகரத்திலிருந்து போகும் பாதை நியூ கனடா சந்திப்பில் பிரிகிறது. ஒரு கிளை டூபே, இன்ஹ்லஸானே வழியாக நலேடி வரை. இன்னொன்று ஓர்லாண்டோ, நான்ஸ்ஃபீல்ட், கிளிப்டவுன் வழியாகத் தெற்கே. 1955 ஜூனில் விடுதலைச் சாசனம் ஏற்கப்பட்ட கிளிப்டவுன்தான் அது.

கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதி நகர மையத்திலேயே இருந்தது. 1966 பிப்ரவரி 11 அன்று அதை வெள்ளையர் பகுதி என்று அறிவித்தார்கள். சுமார் 60,000 பேர் கேப் ஃபிளாட்ஸ் என்ற மணல்வெளிக்குத் தள்ளப்பட்டார்கள். அங்கே மிட்செல்ஸ் பிளெய்ன் முளைத்தது. 1983இல் அதற்கும் அப்பால் கயேலிட்ஷா. ஒவ்வொரு முறையும் தண்டவாளம் பின்னாலேயே நீண்டது. டர்பனில் கேட்டோ மேனரை இடித்துக் குவாமாஷுவுக்கும் உம்லாசிக்கும் அனுப்பினார்கள், அங்கேயும் ரயில்.

டர்பன் கதையில் நம்மவர்களும் இருக்கிறார்கள். 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் போன ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த தமிழர்கள் அவர்கள். குழுப் பகுதிச் சட்டம் அவர்களையும் விடவில்லை. 1960களில் சாட்ஸ்வர்த் என்ற இந்தியக் குடியிருப்புக்குத் துரத்தப்பட்டார்கள். சாட்ஸ்வர்த்தை எங்கே வைத்தார்கள் என்பது முக்கியம். வெள்ளையர் பகுதிகளுக்கும் கறுப்பரின் உம்லாசிக்கும் இடையில், ஒரு தடுப்புபோல. ஒடுக்கப்பட்ட ஒருவரை இன்னொருவருக்கு வேலியாக நிறுத்துவது. படிநிலைச் சமத்துவமின்மை என்று அண்ணல் அம்பேத்கர் பெயரிட்டதை நிலத்தில் வரைந்து காட்டியதுபோல இருக்கிறது அந்த வரைபடம்.

தென்னாப்பிரிக்க ரயில் என்றாலே நம் பாடப்புத்தகங்களுக்குத் தெரிந்த ஒரே காட்சி, 1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் காந்தி முதல் வகுப்புப் பெட்டியிலிருந்து தள்ளப்பட்டது. அது நடந்ததுதான், அநீதிதான். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் டர்பன் அஞ்சலகத்தில் இந்தியரும் கறுப்பரும் ஒரே வாசலில் நுழைய வேண்டியிருப்பதை எதிர்த்து, இந்தியருக்குத் தனி வாசல் கேட்டு வாங்கியதும் அதே காந்திதான். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் வகுப்பு மறுக்கப்பட்ட ஒருவரின் கதை உலகம் முழுக்கத் தெரிகிறது. மூன்றாம் வகுப்பில் மூச்சு முட்டிய லட்சக்கணக்கானவர்களின் கதையைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

1970களில் இந்த ஏற்பாடு இன்னொரு படி மேலே போனது. குடியிருப்புகளையே 'தாயகங்கள்' என்ற பொம்மை நாடுகளுக்குள் சேர்த்தார்கள். பிரிட்டோரியாவுக்கு வடக்கே மபோபானே, 1977இல் 'சுதந்திரம்' பெற்ற போபுதட்ஸ்வானாவில் இருந்தது. அங்கிருந்து ரயில் ஏறிப் பிரிட்டோரியாவில் வேலைக்குப் போகிறவர் சட்டப்படி தினமும் அயல்நாட்டுக்குப் போய்வரும் வெளிநாட்டவர். சொந்த மண்ணில் குடியுரிமையைப் பறித்துவிட்டு, உழைப்பை மட்டும் மாதச் சீட்டில் வரவழைத்தார்கள்.

கட்டணத்தை அரசு ஏன் குறைவாக வைத்தது என்ற கேள்வி வரும். கருணையால் அல்ல. 1957 ஜனவரியில் அலெக்சாண்ட்ரா குடியிருப்பில் பேருந்துக் கட்டணம் நான்கு பென்னியிலிருந்து ஐந்து பென்னி ஆனது. 'அசிக்வெல்வா', ஏறமாட்டோம் என்று சொல்லி மக்கள் நடந்தார்கள். போக 15 கிலோமீட்டர், வர 15 கிலோமீட்டர், மூன்று மாதம். ஒரே ஒரு பென்னிக்காக. கூலி எவ்வளவு குறைவாக இருந்திருந்தால் ஒரு பென்னிக்கு இவ்வளவு நடப்பார்கள்? கடைசியில் முதலாளிகளிடம் தீர்வை வசூலித்துப் பயணத்துக்கு மானியம் தரும் சட்டத்தை அரசு அதே ஆண்டில் இயற்றியது. கூலியை உயர்த்துவதைவிடப் பயணத்துக்கு மானியம் கொடுப்பது மலிவு என்ற கணக்கு. தொழிலாளி வாழும் தூரத்துக்கு விலை உண்டு. அதை அவர் தூக்கத்திலிருந்தும் உடலிலிருந்தும் எடுத்துக்கொண்டார்கள்.

மலிவு என்பதற்கு உள்ளே போனால் வேறு அர்த்தம் தெரியும். 1965 அக்டோபர் 4 அன்று டர்பனிலிருந்து குவாமாஷு போகும் தொழிலாளர் ரயில் எஃபிங்ஹாம் அருகே விபத்துக்குள்ளாகி 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தப்பியவர்களின் ஆத்திரத்தில் ஒரு வெள்ளை ரயில்வே ஊழியர் அங்கேயே அடித்துக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையை யாரும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் அது ஒரு மாலையில் திடீரென்று பிறந்த கோபமும் அல்ல.

பெண்களுக்கு இந்த நெரிசல் இரட்டைத் தண்டனை. கான் தெம்பாவின் 'தி டூபே டிரெய்ன்' சிறுகதை சோவெட்டோ ரயிலில் ஓர் இளம்பெண்ணை ஒரு ரவுடி சீண்டுவதையும் பெட்டியே வாய்மூடி உட்கார்ந்திருப்பதையும் சொல்கிறது. பல ஆண்டுகள் கழித்து மிரியம் ட்லாலி அதே நெரிசலைப் பெண்ணின் பக்கத்திலிருந்து எழுதினார். அவருடைய கதைத் தொகுப்பு 1989இல் வந்தது. கை அசைக்க முடியாத கூட்டத்தில் ஆண்கள் செய்யும் பாலியல் அத்துமீறலைப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவே தயங்கும் அந்த மௌனத்தை அவர் உடைக்கிறார். ஒடுக்கப்பட்டவர்களின் பெட்டிக்குள்ளேயே யார் யாரை ஒடுக்கினார்கள் என்பதை இந்த இருவரும் மறைக்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

ஆட்சி ஒன்றை எதிர்பார்க்கவில்லை. இரண்டாயிரம் பேரைத் தினமும் இரண்டு வேளை ஒரே கூரையின் கீழ் அடைத்தால் அவர்கள் பேசுவார்கள். பொதுக்கூட்டத்துக்குத் தடை, மூன்று பேர் நின்றால் போலீஸ் என்ற காலத்தில், ஓடும் பெட்டியில் யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு பெட்டியில் வழிபாடு, பெட்டிச் சுவரைத் தட்டித் தாளம் போட்டுப் பாட்டு. புகைப்படக் கலைஞர் சாந்து மோஃபோகெங் 1986இல் எடுத்த 'ரயில் தேவாலயம்' படங்களில் அந்த முகங்களைப் பார்க்கலாம். இன்னொரு பெட்டியில் தொழிற்சங்கப் பேச்சு, விடுதலைப் பாடல். கதவுக்கு வெளியே தொற்றிக்கொண்டும் கூரைமேல் ஏறியும் போகும் இளைஞர்களை 'ஸ்டாஃப்ரைடர்' என்பார்கள். 1978இல் ராவன் பிரஸ் தொடங்கிய இலக்கிய இதழுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். டவுன்ஷிப் எழுத்தாளர்களின் மேடையான அந்த இதழின் முதல் இதழையே அரசு தடை செய்தது.

ஒற்றைத் தண்டவாளத்தில் கட்டிவைத்த ஏற்பாட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. அதை நிறுத்தினால் நகரம் நிற்கும். 1976 ஆகஸ்டில் சோவெட்டோ மாணவர்கள் தங்கள் பெற்றோரை வேலைக்குப் போகாதீர்கள் என்று அழைத்தபோது ரயில் நிலையங்களில் போய் நின்றார்கள். 1983இல் ஈஸ்ட் லண்டனுக்கு அருகே உள்ள ம்டான்ட்சானேயில் பேருந்துப் புறக்கணிப்பு நடந்தது. அந்தப் பாதையில் 5எம்2ஏ ஓடவில்லை, ஆனால் ஏற்பாடு அதேதான். பேருந்தில் ஏறாமல் ரயிலுக்கு நடந்துபோன மக்களை ஆகஸ்ட் 4 அதிகாலையில் எகெர்டன் நிலையத்தருகே சிஸ்கே 'நாட்டின்' படைகள் சுட்டன, 11 பேர் இறந்தார்கள். எந்த வண்டியில் ஏறுவது என்று தானே முடிவெடுத்ததுதான் அவர்கள் செய்த குற்றம்.

1987இல் ரயில்வேக்குள்ளிருந்தே அடி விழுந்தது. வசூல் பணம் 40 ராண்டைத் தாமதமாகக் கட்டினார் என்று சிட்டி டீப் சரக்குக் கிடங்கின் கறுப்பு ஓட்டுநர் ஒருவரை வேலைநீக்கம் செய்தார்கள். அதிலிருந்து தொடங்கிய வேலைநிறுத்தம் மூன்று மாதத்தை நெருங்கியது. ஆயிரக்கணக்கானோரைப் பணிநீக்கம் செய்தார்கள். ஏப்ரல் 22 அன்று ஆறு தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த மாதங்களில் பல ரயில் பெட்டிகள் எரிந்தன. ஜூனில் அரசு இறங்கிவந்து நீக்கப்பட்டவர்களை மீண்டும் சேர்த்தது. கறுப்பர் சங்கத்தை ரயில்வே அங்கீகரிக்க மறுத்துவந்த காலம் அது.

பிறகு 1990. மண்டேலா பிப்ரவரியில் விடுதலை. தனி வசதிகள் ஒதுக்கீட்டுச் சட்டம் அக்டோபர் 15 முதல் ரத்து. அதற்கு ஒரு மாதம் முன்பு, செப்டம்பர் 13 மாலை, ஜோஹானஸ்பர்க்கிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ரயிலில் ஜெப்பே, பென்ரோஸ் நிலையங்களுக்கு இடையே ஒரு கூட்டம் பெட்டி பெட்டியாக வெட்டியும் சுட்டும் போனது. 26 பேர் இறந்தார்கள். 1990 முதல் 1993 வரை ரயில்களில் நடந்த 600க்கும் மேற்பட்ட தாக்குதல்களில் 572 பேர் கொல்லப்பட்டதாக உண்மை, நல்லிணக்க ஆணையம் பதிவுசெய்தது. இன்காதா ஆதரவு விடுதிகளையும் பாதுகாப்புப் படையினரின் கள்ள உறவையும் நோக்கி விரல்கள் நீண்டன. மக்கள் ஒன்றுகூடவும் பேசவும் கற்ற அதே இடத்தைத் தேர்ந்தெடுத்துத் தாக்கினார்கள் என்பதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

1991இல் குழுப் பகுதிச் சட்டமும் போனது. 1994இல் வாக்குரிமை. மூன்றாம் வகுப்பு 'மெட்ரோ' ஆனது, முதல் வகுப்பு 'மெட்ரோ பிளஸ்' ஆனது. பெட்டிகளுக்கு மஞ்சளும் சாம்பலும் பூசினார்கள். ஆனால் நலேடி நலேடியிலேயே இருந்தது, கயேலிட்ஷா கேப் டவுனிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரிலேயே இருந்தது. சட்டத்தை ஒரு நாள் வாக்கெடுப்பில் நீக்கலாம். தண்டவாளத்தின் நீளத்தை யார் நீக்குவது? வீடில்லாதவர்களுக்குப் புதிய அரசு கட்டித்தந்த வீடுகளும் பெரும்பாலும் நிலம் மலிவான அதே ஓரங்களில்தான் எழுந்தன.

வண்டிகள் கிழடாகிக்கொண்டிருந்தன. புதியவை வாங்காமல் பழைய 5எம்2ஏ பெட்டிகளையே பிரித்துப் பூசி ஓட்டினார்கள். 2000 ஜூலை 31 அன்று டெம்பிசா நிலையத்தில் சீட்டு இல்லாதவர்களைப் பிடிக்கிறோம் என்று காவலர்கள் மின்னதிர்ச்சித் தடிகளை நீட்டியதில் கூட்டம் பின்னோக்கிச் சரிந்து 16 பேர் நசுங்கி இறந்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்தது மக்கள் தேர்ந்தெடுத்த அரசு. ஓடும் பெட்டிகளில் கொள்ளை, கொலை என்று தொடர்ந்தபோது பயணிகளே ரயில் பயணிகள் செயற்குழு என்று திரண்டு வழக்குப் போட்டார்கள். பயணிகளின் பாதுகாப்புக்கு நியாயமான ஏற்பாடு செய்வது ரயில் நிர்வாகத்தின் சட்டக் கடமை என்று 2004இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. லூசு வழக்கிலிருந்து அரை நூற்றாண்டு. இம்முறை தீர்ப்பை முறியடிக்கச் சட்டம் எதுவும் வரவில்லை. தீர்ப்பை மதித்துப் பணமும் வரவில்லை.

பணம் வந்தபோது எங்கே போனது? 2009இல் பயணிகள் ரயிலுக்கென்று ப்ராசா என்ற அரசு நிறுவனம் உருவானது. நெடுந்தூர ரயில்களுக்கு அது வாங்கிய எஞ்சின்கள் அந்தப் பாதைகளுக்கு உயரம் அதிகம் என்று 2015இல் அம்பலமானது. ஒப்பந்தத்தையே ஊழல் என்று நீதிமன்றம் 2017இல் ரத்து செய்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் பெயரால் ஆட்சிக்கு வந்தவர்கள் அதே மக்களின் ரயிலில் திருடினார்கள். நம் பக்கத்துத் தலைவர்களைப் பற்றிப் பேசும்போதும் இதை மறக்காமல் இருப்பது நல்லது.

2010களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 50 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள் இந்த ரயில்களில் நடந்தன. அடுத்த பத்தாண்டில் எல்லாம் சரிந்தது. கேப் டவுனில் பெட்டிகள் எரிந்தன. செம்புக் கம்பிகள் களவுபோயின. காவல் ஒப்பந்தங்கள் முடிந்தன, மாற்று ஏற்பாடு இல்லை. மிட்செல்ஸ் பிளெய்ன், கயேலிட்ஷா மக்களின் உயிர்நாடியான மத்தியப் பாதை 2019இன் இறுதியில் நின்றுபோனது. 2020 ஊரடங்கில் ரயில்களே ஓடாதபோது, கம்பி, கூரை, கதவு, ஜன்னல் என்று நிலையங்களையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். வேலைக்குப் போக மினிபஸ் டாக்சிதான் வழி, கட்டணமோ ரயிலைவிட மிக அதிகம். மலிவாக இருந்த ஒரே காரணத்தால் தாங்கிக்கொண்ட தூரம் இப்போது முழு விலையோடு வந்து நின்றது. வீட்டுவேலை செய்யும் பெண்களின் கூலியில் பெரும் துண்டு அதற்கே போனது.

புதிய வண்டிகள் வந்துகொண்டிருக்கின்றன. 2013இல் போட்ட 5,100 கோடி ராண்ட் ஒப்பந்தத்தின்படி அல்ஸ்டோம் தலைமையிலான கிபேலா நிறுவனம் 600 ரயில்களைச் செய்துதர வேண்டும். முதல் 20 பிரேசிலிலிருந்து வந்தன. மற்றவற்றுக்கான தொழிற்சாலை டனாட்டரில் இருக்கிறது, 5எம்2ஏ பிறந்த நைஜலுக்குப் பக்கத்தில். நீல வண்டிகளுக்கு 'இசிடிமேலா சபான்டு', மக்களின் ரயில் என்று பெயர். மஞ்சள் வண்டிகள் வரிசையாகக் கிடங்குகளில் துருப்பிடிக்கின்றன.

மத்தியப் பாதையைத் திறப்பதற்குத் தடையாக இருந்தவை கம்பியும் சிக்னலும் மட்டுமல்ல. ரயில் நின்ற காலத்தில், ஊரடங்கில் வாடகை கொடுக்க முடியாமல் தெருவுக்கு வந்த குடும்பங்கள் லாங்காவிலும் பிலிப்பியிலும் தண்டவாளத்தின் மீதே தகரக் குடிசை போட்டுக்கொண்டன. பல்லாயிரம் பேர். பாதையை மீட்க முதலில் அவர்களுக்கு வேறு இடம் தர வேண்டும். ரயில் நிறுவனம், நகராட்சி, வீட்டுவசதித் துறை மூன்றும் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொண்டன. அந்தக் குடும்பங்களுக்கு நிலம் தேடுவதே ஆண்டுக்கணக்கில் இழுத்தது.